பட்டைச் சீரமைவுக் கணிப்பு

இரு குறைகடத்திகள் ஒட்டும் எல்லையில் அவற்றின் ஆற்றல் பட்டைகள் ஒன்றுக்கொன்று எந்த உயரத்தில் நிற்கின்றன என்று கணக்கிட்டு அறிவது பட்டைச் சீரமைவுக் கணிப்பு. அங்கே எழும் ஆற்றல் படியின் உயரத்தைப் பொறுத்தே எலக்ட்ரான் கடக்கும் அல்லது தடுக்கப்படும். சூரிய மின்கலத்தின் செயற்பாடும் இத்தகைய எல்லைகளைச் சார்ந்ததே. தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றை அடுத்த கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 கிகாவாட் ஆலை 2024இல் சூரிய மின்கல உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து, இக்கணிப்பு நெல்லைச் சீமையின் தொழிலோடும் சேர்ந்த அறிவு.

அடுத்தடுத்த இரு வீடுகளின் தரையை ஒப்பிட ஒரு பொது மட்டக்குறி வேண்டும்; பட்டைகளுக்கும் அப்படியே. ஆர். எல். ஆண்டர்சன் 1960இல் ஜெர்மானியம்–காலியம் ஆர்சனைடு சந்தியை விளக்கியபோது வெற்றிட மட்டத்தையே அக்குறியாகக் கொண்டார்; எலக்ட்ரான் நாட்டங்களின் (கடத்துபட்டையின் அடியிலிருந்து வெற்றிட மட்டம் வரையான ஆற்றல்களின்) வேறுபாடே கடத்துபட்டையின் படி என்றார். திண்மத்திலிருந்து வெற்றிடத்துக்கு எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றலை அளப்பதில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தபோது, 1950களில் கிராஃபைட்டின் வெப்ப அயனி உமிழ்வை எஸ். சி. ஜெயினுடன் அளந்தார். அவர் பட்டைச் சீரமைவை ஆராயவில்லை. ஆயினும் ஆண்டர்சன் விதி நிற்கும் தளம் இத்தகைய அளவீடுகளே.

அவ்விதி பல சந்திகளில் பொய்த்தது. இரு பொருள்களின் அணுக்கள் பிணையும்போது மின்னூட்டம் நகர்ந்து இருமுனை அடுக்கு உருவாகிறது. தனித்தனி மேற்பரப்புகளின் அளவீட்டில் அது தெரியாது. ஆகவே எல்லையையே கணக்கிட்டாக வேண்டும். வால்டர் கோன் முதலியோர் 1964–65இல் அமைத்த அடர்த்திச் சார்பியக் கோட்பாடு அதற்கு வழி திறந்தது. வான் டி வாலேயும் ரிச்சர்ட் மார்ட்டினும் 1980களில் பல சந்திகளை இவ்வாறு கணித்தனர்: எல்லையின் இருபுறமும் சராசரி மின்னழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு பொருளின் பட்டை விளிம்புகளையும் அதன்மேல் பொருத்தினர்.

குறையும் இருந்தது. அக்கோட்பாட்டின் எளிய தோராயங்களில் சிலிக்கானின் பட்டை இடைவெளி, உண்மையான 1.1 எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியாகவே வருகிறது. ஹெடின் 1965இல் வகுத்த ஜி.டபிள்யூ. முறையும், 2003க்குப் பின் பரவிய கலப்புச் சார்பியங்களும் இதைத் திருத்துகின்றன. கணினி நேரம்தான் பன்மடங்காகும்.

டாப்கான் வகைச் சூரிய மின்கலத்தில் பட்டைச் சீரமைவின் பயனைக் காணலாம். சிலிக்கான் வில்லைக்கும் பாலிசிலிக்கானுக்கும் நடுவே சுமார் 1.5 நானோமீட்டர் ஆக்சைடுப் படலம் உண்டு. எலக்ட்ரானுக்கு அதில் தடை சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட்; துளைக்கோ (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடத்துக்கோ) 4.5க்கு மேல். எலக்ட்ரான் எளிதாக ஊடுருவ, துளை பின்தங்குகிறது.