காலம் கதைசொல்லியானபோது: தூர்தர்ஷன் ‘மகாபாரத’த்தில் ராஹி மாசூம் ரஸாவின் ஆக்கம்

பி. ஆர். சோப்ரா தயாரித்து, மகன் ரவி சோப்ராவுடன் சேர்ந்து இயக்கிய ‘மகாபாரத்’ இந்தித் தொடர் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் 94 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அக்காலப் புராணத் தொடர்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பார்வையாளரிடமிருந்தும் அரசியலிலிருந்துமே தொடங்குகின்றன. பூர்ணிமா மங்கேக்கர், திரௌபதி சபைக்கு இழுத்துவரப்படும் காட்சி தில்லிப் பெண்களிடம் எழுப்பிய எண்ணங்களை ஆராய்ந்தார். அரவிந்த் ராஜகோபால், இதற்கு முன் வந்த ‘ராமாயண்’ தொடரை இந்துத்துவ அரசியலின் எழுச்சியோடு இணைத்துப் பார்த்தார். இரண்டும் அடிப்படையான ஆய்வுகள். ஆனால் தொடரை ஒருவர் உட்கார்ந்து எழுதினார், எழுதியவர் இந்தியின் முதன்மையான நாவலாசிரியர்களுள் ஒருவர் என்பதற்கு ஆய்வுலகம் உரிய கவனம் தரவில்லை. திரைக்கதை, வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸா இதிகாசத்தின் கதைசொல்லியை மாற்றினார். அந்த ஒரு மாற்றம்தான் தொடரின் கருத்துலகத்தைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வியாச பாரதத்தை எவரும் தாமாகச் சொல்லத் தொடங்குவதில்லை. நைமிசாரண்யத்தில் சௌனகர் முதலானோர் கேட்க, சூதரான உக்கிரசிரவஸ் சொல்கிறார். அவர் சொல்வதோ, ஜனமேஜயனின் சர்ப்ப யாகத்தில் வியாசர் முன்னிலையில் வைசம்பாயனர் சொன்ன கதை. போர் தொடங்கியதும் அதற்குள் இன்னோர் இணை வந்து சேர்கிறது: சஞ்சயன் சொல்கிறான், திருதராட்டிரன் கேட்கிறான். இவர்களுள் முக்கியமான இருவருக்குக் கதை சொந்த விவகாரம். ஜனமேஜயன் அர்ச்சுனனின் கொள்ளுப்பேரன்; தந்தையைப் பாம்பு கடித்துக் கொன்றதற்காகப் பாம்பினத்தையே நெருப்பிலிட்டுக்கொண்டிருப்பவன். திருதராட்டிரன் கேட்பது தன் பிள்ளைகளின் சாவுச் செய்தி. அதனால் இவர்களால் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இடைமறிக்கிறார்கள், ஏன் என்கிறார்கள், விரித்துச் சொல்லச் சொல்கிறார்கள், புலம்புகிறார்கள். காவியத்தின் அற விசாரணையை நகர்த்திச் செல்பவை இக்கேள்விகளே.

ரஸா இந்த அடுக்குகளை எடுத்துவிட்டார். சர்ப்ப யாகம் இல்லை, நைமிசாரண்யம் இல்லை. சஞ்சயன் மட்டும் போர்க்காட்சிகளுக்கிடையே எஞ்சினான். அவர்கள் இருந்த இடத்தில், அண்டவெளியைக் காட்டும் படிமங்களின்மேல் உருவமற்ற ஒரு குரல் ஒலிக்கிறது. அது தன்னைக் காலம் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது; இக்கதை நடந்ததைக் கண்டது தானே என்பதால் வேறெவராலும் இதைச் சொல்ல இயலாது என்கிறது. ஹரீஷ் பிமானியின் கனத்த, அவசரமற்ற குரல் அது. ஒவ்வொரு வாரமும் கதை விட்ட இடத்தை நினைவூட்டி, வரப்போவதற்குப் பொருள் சொல்லிவிட்டு விலகியது.

நீண்ட கதையை வாரந்தோறும் கோத்துச் செல்வதற்கான தொலைக்காட்சி உத்தி என்று இதைக் கடந்துவிடலாகாது. 1966இல் வெளிவந்த ரஸாவின் ‘ஆதா காவ்’ நாவலைப் படித்தவர்களுக்கு இக்குரல் முன்பே பழக்கமானது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் உள்ள கங்கௌலி, அவருடைய சொந்த ஊர். அங்கு வாழும் ஷியா ஜமீன்தார் குடும்பங்கள் நாட்டுப் பிரிவினையாலும் ஜமீன் ஒழிப்பாலும் சிதறுவதே நாவலின் களம். தாம் எழுதுவது சில மனிதர்களின் கதையோ சில குடும்பங்களின் கதையோ அல்ல, அவ்வூர் வழியே கடந்துபோகும் காலத்தின் கதை என்ற எண்ணத்தை அவர் அந்நாவலுக்குள்ளேயே வெளியிடுகிறார். எந்த மதத்துக்கும் உரிமையாகாத சாட்சியாகக் காலத்தைக் காண்பது அவருடைய நாவல் கலையின் அடித்தளம். அதே சாட்சியைத்தான் இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து அத்தினாபுரத்துக்கு அனுப்பினார்.

ஒரு முஸ்லிம் மகாபாரதம் எழுதுவதா என்று எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததும், தம்மைக் கங்கையின் மகன் என்று சொல்லி ரஸா எழுத முன்வந்ததும் பலமுறை சொல்லப்பட்ட செய்திகள். மேடைகளில் இது நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகிறது. அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவர் என்ன எழுதினார் என்று கேட்பார் இல்லாதது எனக்கு வருத்தம் தருகிறது. தொலைக்காட்சித் தொடர் கூட்டு உழைப்புதான். பண்டித நரேந்திர சர்மா 1989இல் மறையும்வரை ஆலோசகராகவும் பாடலாசிரியராகவும் பங்களித்தார். இறுதி முடிவுகள் சோப்ராக்களுடையவை. இருந்தும், கதைசொல்லியின் சிந்தனையில் ‘ஆதா காவ்’ ஆசிரியரின் கை தெளிவாகத் தெரிகிறது.

இக்குரல் எதைச் சாதித்தது என்பதை முதல் பகுதியிலேயே காணலாம். தொடர் பரத மன்னனிடமிருந்து தொடங்குகிறது. ராஜ் பப்பர் ஏற்ற அப்பரதன் தன் ஒன்பது மக்களையும் ஒதுக்கி, தகுதியுள்ள பூமன்யுவை இளவரசனாக்குகிறான். ஆதி பருவத்தில் இது சில சுலோகங்களில் முடியும் வம்சாவளிச் செய்தி. அங்கே தந்தைக்குப் பிடிக்காத பிள்ளைகளைத் தாய்மார்களே கொல்கிறார்கள். பின்னர் வேள்வியின் பயனாய்ப் பூமன்யு கிடைக்கிறான். தொடர் கொலையை விலக்கிவிட்டு, பிறப்பா தகுதியா என்ற வழக்காக இதை மாற்றியது. அதன்பின் வரும் ஒவ்வொரு நெருக்கடியும் இவ்வழக்கின் மறு விசாரணையாகிறது. இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காகத் தேவவிரதன் அரியணையைத் துறப்பது, பார்வையற்ற திருதராட்டிரனின் ஆறாத மனக்குறை, அரங்கில் குலம் கேட்கப்பட்டுத் தலைகுனியும் கர்ணன் என வரிசையாக வருகின்றன. தகுதியை அளவுகோலாக்கிய தொடர் கர்ணனுக்கு முன்னால் தடுமாறியே ஆகவேண்டும். தடுமாறவும் செய்தது; அத்தடுமாற்றம் அதன் நேர்மைக்குச் சான்று. நேரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பிரதமர் ஆண்டபோது, அரசே நடத்திய அலைவரிசையில், வாரிசுரிமையைக் கேள்வி கேட்டபடி ஓர் இதிகாசம் தொடங்கியது சிறிய செய்தியல்ல. 1989 நவம்பர் பொதுத்தேர்தல் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தது.

இனி இழப்பைப் பேச வேண்டும். காலம் கதைசொல்லியானதும் கேட்பவன் இல்லாமற் போனான். குரல் ஆசிரியராகவும், பார்ப்பவர் மாணவராகவும் ஆனார்கள். இது தவிர்க்க முடியாத விளைவல்ல. அதே 1988இல், அதே தூர்தர்ஷனில் ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடங்கியது. அதில் பாரதக் கதைக்குச் சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாய் பயன்பட்டார். பாண்டவானியில் பக்கத்தில் இருக்கும் ‘ராகி’ ஆமாம் போட்டும் கேள்வி கேட்டும் கதையை இழுத்துச் செல்வார்; நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் ஏறத்தாழ அதுவே. பீட்டர் புரூக்கின் மேடை ‘மகாபாரத’த்தில்கூட வியாசரிடம் கேட்பதற்கு ஒரு சிறுவன் இருக்கிறான். இம்மூன்றிலும் கேட்கும் உரிமை காப்பாற்றப்பட்டது. ரஸாவின் காலமோ கேள்விக்குக் காத்திராமல் விடை சொல்கிறது.

காலத்தைப் பற்றியே காவியம் என்ன கருதுகிறது என்பதோடு ஒப்பிட்டால் மாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரியும். கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் காலம் உலகங்களை அழிக்கும் ஆற்றல். மௌசல பருவத்தில் அது மனித வடிவிலேயே வருகிறது: மொட்டைத் தலையும் கருமஞ்சள் நிறமும் கொண்ட அச்சுறுத்தும் ஆள் ஒருவன் யாதவர்களின் வீடுகளைச் சுற்றித் திரிகிறான். வியாசரிடம் காலம் கொல்லும். ரஸாவிடம் நினைவில் வைத்திருக்கும். தொடரோ தருமன் முடிசூடி, பீஷ்மர் உயிர்துறப்பதோடு நிறைவடைந்தது. யாதவர் அழிவும், வேடன் அம்பால் கண்ணன் மறைவதும், மலைப்பாதையில் பாண்டவர் ஒவ்வொருவராக விழுவதும் அதில் இல்லை. முன்னரே நிறுத்துவதற்கு முன்னோடிகள் உண்டு. வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு தம் பாரதத்தை முடித்தார். ஆனால் காலத்தையே கதைசொல்லியாக்கிய ஒரு படைப்பு, காலம் உருவெடுத்து வரும் பருவத்தைத் தொடாமல் விட்டதை அப்படி எளிதாக விட்டுவிட முடியாது. கதைசொல்லியையே கொலையாளியாகக் காட்டும் துணிவு தொடருக்கு இருந்திருந்தால் அது வேறு உயரம் தொட்டிருக்கும்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது சூதாட்டச் சபைக் காட்சி. தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று ரூபா கங்குலியின் திரௌபதி கேட்கும்போது, விலக்கப்பட்ட கேட்பவன் பெண்ணாகத் திரும்பி வருகிறான். பீஷ்மராலும் விடை சொல்ல முடியவில்லை. கண்ணன் துகில் தரும் அற்புதம் பின்னால் வருகிறது; பூனா பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பு, திரௌபதி கண்ணனை அழைக்கும் வேண்டுதலை மூலத்திலிருந்து விலக்கி அடிக்குறிப்புக்கு அனுப்பியிருந்தும் தொடர் மக்கள் மரபையே பின்பற்றியது. ஆனால் துகில் மானத்தைக் காத்தது, கேள்விக்கு விடையாகவில்லை. மங்கேக்கர் சந்தித்த பெண்கள் அக்காட்சியைப் பற்றிப் பேசும்போது, வீட்டிலும் வீதியிலும் தாங்கள் பட்டதையும் தங்கள் சினத்தையும் பேசினார்கள். திரைக்குள் காலம் கேட்கவிடாத கேள்விகளைத் திரைக்கு வெளியே அவர்கள் கேட்டார்கள். அதற்கான வாயிலைத் திறந்தது ரஸா எழுதிய வசனம்.

ஆகவே பார்வையாளர் ஆய்வும் பிரதி ஆய்வும் தனித்தனியே நடப்பதில் பயனில்லை. ‘மகாபாரத்’ தொடரின் உரையாடல்களை ‘ஆதா காவ்’ நாவலுக்குப் பக்கத்தில் வைத்து, ரஸாவின் இலக்கியமாகவே படிக்க வேண்டும். இந்தித் துறைகளும் ஊடகவியல் துறைகளும் இப்பணியைச் சேர்ந்து மேற்கொள்ள முன்வர வேண்டும்.