காவலர் தேர்வும் காயம்பட்ட முழங்காலும்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராக விரும்பும் இளைஞர், எழுத்துத் தேர்வில் தேறியபின் மைதானத்துக்கு வந்து 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதில் தேறினால் கயிறு ஏற்றம்: 5 மீட்டர் ஏறினால் மதிப்பெண் தரும் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. நீளம் தாண்டுபவர் ஒரு ஸ்டாருக்கு 3.80 மீட்டரும் இரண்டுக்கு 4.50 மீட்டரும் தாண்ட வேண்டும். 100 அல்லது 400 மீட்டர் ஓட்டமும் உண்டு. பயிற்சியின்போது முட்டி ஜவ்வு கிழிந்துவிட்ட ஒருவருக்கு இந்த அட்டவணை வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். குறித்த நாளில் ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடலாம். வேலையின் தேவைதான் இந்தக் கண்டிப்பை உண்டாக்கியது என்று பலரும் நம்புகிறார்கள். காவலர் உடலை அளந்த வரலாற்றைப் பார்த்தால், இதில் பெரும்பகுதி படையிலிருந்து வந்த பழக்கம், அளப்பதற்கு எளிது என்ற வசதி ஆகிய இரண்டால் அமைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1829இல் ராபர்ட் பீல் லண்டன் பெருநகரக் காவல்படையைத் தொடங்கியபோது 35 வயதுக்கு உட்பட்டவர், குறைந்தது 5 அடி 7 அங்குல உயரம், எழுதப் படிக்கத் தெரிந்தவர், நன்னடத்தை உள்ளவர் என்று விதித்தார்கள். உயரத்தை அளவுகோலால் அளந்துவிட முடிந்தது; நடத்தையை அப்படி அளக்க முடியவில்லை. முதல் வாரண்ட் எண்ணை, அதாவது முதல் காவலர் எண்ணை, பெற்ற வில்லியம் அட்கின்சன் பணியில் சேர்ந்த அன்றே குடிபோதைக்காக நீக்கப்பட்டார். சென்னை மாகாணத்தின் கதை இன்னும் கூர்மையானது. வரி வசூலுக்கும் விசாரணைக்கும் அரசு ஊழியர்கள் மக்களைச் சித்திரவதை செய்தார்கள் என்பதை 1855ஆம் ஆண்டின் விசாரணைக் குழு அறிக்கை அம்பலப்படுத்தியது. அதன் பின்னணியில்தான் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனிக் காவல்துறை உருவானது. கேடு நடத்தையில் இருந்தது. ஆனால் புதிய துறைக்கு முன்மாதிரியானது அயர்லாந்தின் ஆயுதமேந்திய காவல்படை. அணிவகுப்பு, துப்பாக்கி, படைவீடு எல்லாம் அதோடு வந்தன. படைக்கு ஆள் எடுப்பவர் நெஞ்சையும் உயரத்தையும் அளப்பார். ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம், 81 செ.மீ. மார்பளவு, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிவு என்று இன்றும் பொதுப்பிரிவுக்குக் கேட்கிறோம். மார்பு விரிவுக்கும் ஒரு புகாரைப் பொறுமையாகக் கேட்டு எழுதுவதற்கும் தொடர்பு காட்டிய எவரையும் நான் படித்ததில்லை.

உடலின் அளவிலிருந்து உடலின் செயலுக்கு அளவுகோல் நகர்ந்தது நல்ல திருப்பம்தான். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல், 12 நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தைக் கொண்டே அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை ஓரளவு துல்லியமாகக் கணிக்கலாம் என்று காட்டினார். ஆய்வகம் வேண்டாம், ஒரு மைதானமும் ஒரு கடிகாரமும் போதும். அமெரிக்கக் காவல் அமைப்புகள் பலவற்றில் ஒன்றரை மைல் ஓட்டம் தேர்வானது. கவனிக்க வேண்டிய நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கூப்பர் கணிக்க விரும்பியது இதயத்தையும் நுரையீரலையும். ஓட்டம் அதற்கு ஒரு வழி மட்டுமே. ஆனால் ஓடுபவரின் ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. மூச்சுத்திறன் நிறைந்து முட்டி மட்டும் ஆறாமல் இருப்பவர் இந்தத் தேர்வில் மூச்சில்லாதவராகவே பதிவாகிறார். இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே கடிகாரம் பதில் சொல்லிவிடுகிறது.

பிரிட்டனில் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். அங்கே காவலர்கள் 15 மீட்டர் இடைவெளியில் பீப் ஒலிக்கேற்ப முன்னும் பின்னும் ஓடி 5.4 என்ற நிலையை எட்ட வேண்டும்; மொத்தம் 525 மீட்டர், நான்கு நிமிடத்துக்கும் குறைவு. பணியில் இருக்கும்போது முட்டியில் காயம்பட்டு, சட்டென நின்று திரும்பி ஓட முடியாதவருக்கு, செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான டிரெட்மில் நடைத் தேர்வு மாற்றாக இருக்கிறது. வேகம் மாறாது, சரிவு மட்டும் கட்டம் கட்டமாக ஏறும். இதயம் அதே அளவு உழைக்க வேண்டியிருக்கும், மூட்டில் அடி விழாது. தகுதி வரம்பை ஒரு புள்ளிகூடக் குறைக்காமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: திருடனைத் துரத்தும்போது டிரெட்மில்லில் ஏறி நிற்க முடியாது, காவலருக்கு மூச்சு மட்டுமல்ல, முட்டியும் வேண்டும். உண்மைதான். அப்படியானால் முட்டியைச் சோதிக்கட்டும். ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு விளையாட்டு மருத்துவர்கள் காயம்பட்ட காலால் மட்டும் தாவச் சொல்லி, மற்றக் காலின் தூரத்தோடு ஒப்பிடுகிறார்கள். தொடைத் தசையின் வலுவையும் அப்படியே ஒப்பிட்டு, குறைந்தது 90 விழுக்காடு எட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முட்டி வேலைக்குத் தயாரா என்ற கேள்விக்கு ஏழு நிமிட ஓட்டத்தைவிட இது நேரான விடை. ஓட்டத்தையே தூக்கிவிட வேண்டும் என்பதும் என் வாதமல்ல. ஃபிலடெல்ஃபியாவில் பொதுப் போக்குவரத்துக் காவலுக்கு ஒன்றரை மைலை 12 நிமிடத்தில் ஓட வேண்டும் என்ற விதியை எதிர்த்த வழக்கில், வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அளவு அதுதான் என்று நிரூபியுங்கள் என 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2002இல் அந்த நிரூபணத்தை ஏற்றுக்கொண்டது. அதே 1999இல் கனடா உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. காட்டுத் தீயணைப்பு வீரர் டானி மெயோரின் 2.5 கி.மீ.யை 11 நிமிடத்தில் ஓட முடியாமல், 49.4 வினாடி பிந்தியதால் வேலை இழந்தவர். வேலையை அவர் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தார். அந்த வேகம் பணிக்கு அவசியம் என்று அரசு நிரூபிக்கவில்லை என்றது நீதிமன்றம். தீர்ப்புகள் எதிரெதிரானவை, கேள்வி ஒன்றுதான்: இந்த எண் எந்தப் பணியிலிருந்து வந்தது?

இன்னொரு மறுப்பு எண்ணிக்கை பற்றியது. லட்சக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் நாட்டில் ஒவ்வொரு முட்டிக்கும் தனித் தேதி கொடுக்க முடியுமா என்கிறார்கள். அதற்கான வழி நம் விதிகளிலேயே இருக்கிறது. மத்தியக் காவல் படைகளுக்கான தேர்வில், 12 வாரமோ அதற்கு மேலோ கர்ப்பமாக உள்ள பெண்ணைத் தற்காலிகத் தகுதியின்மை என்று குறித்து, அவருக்கான இடத்தை நிறுத்திவைத்து, பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள். காலம் தந்தால் சரியாகிவிடும் உடல்நிலை வேறு, நிரந்தரக் குறை வேறு என்பதை அரசு அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அதே படைகளின் மருத்துவ விதிகள் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்திருக்கக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. கிழிந்து ஆறிக்கொண்டிருக்கும் முட்டிக்கு ‘தற்காலிகம்’ என்ற சொல்லைக் கொடுக்கப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை.

அவகாசம் இல்லாததால் விளையும் கேடு சிறியதல்ல. ஜவ்வைச் சீரமைத்தபின் குறைந்தது ஒன்பது மாதமாவது காத்திருக்காமல் முழு ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. நீளம் தாண்டுதல் இந்த மூட்டுக்குக் கடுமையானது. பின்னிருந்து ஓடிவரும் வேகம் முழுவதும் மணல் குழியில் கால் பதியும் கணத்தில் மடங்கிய முட்டியில் வந்து நிற்கிறது. எவரும் தொடாமலேயே ஜவ்வு அறுவது பெரும்பாலும் இப்படிக் கால் ஊன்றும்போதும் திரும்பும்போதும்தான். வலியை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு இறங்குபவருக்கு, நிறுத்து என்று உடல் கொடுக்கும் ஒரே எச்சரிக்கையும் போய்விடுகிறது. 2024இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வின் 10 கி.மீ. ஓட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தபின்தான் அரசு தேர்வை இடைநிறுத்தியது. முட்டிக் காயம் உயிரைக் குடிப்பதில்லை, அதனால் செய்தியாவதும் இல்லை. ஆனால் ஜவ்வோ குருத்தெலும்பு வட்டோ கிழிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுக்குள் மூட்டுத் தேய்மானம் வருகிறது என்கின்றன ஆய்வுகள். இருபத்திரண்டு வயதில் ஆறாத முட்டியோடு தேறிவிடும் இளைஞர் அந்த ஆண்டுகளைப் பந்தோபஸ்துப் பணியில் வெயிலில் நின்றே கழிப்பார். தேர்வு நாளன்று ஒன்பது மாதம் கொடுக்க மறுத்த துறைக்கு நாற்பது வயதில் மருத்துவ விடுப்பாக அந்தச் செலவு திரும்பி வரும்.