தூந்திராவின் மூச்சுக் கணக்கு: ஒரு சமன்பாட்டுக்கு உரை

அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதியிலும் சுவீடனின் அபிஸ்கோவிலும் ஒளி புகும் பெட்டிகளைச் செடிகள்மேல் கவிழ்த்து, உள்ளே கார்பன் டை ஆக்சைடு கூடுவதையும் குறைவதையும் அளந்தது கயஸ் ஷேவர் குழு. அந்த அளவுகளிலிருந்து 2007-இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாட்டின் எலும்புக்கூடு இது:

நிகரப் பரிமாற்றம் = (இலைப்பரப்பு சார்ந்த சுவாசம் × வெப்ப விளைவு) + ஆழச் சுவாசம் − ஒளிச்சேர்க்கை

நிகரப் பரிமாற்றம்: நிலம் காற்றுக்குக் கொடுத்ததிலிருந்து, வாங்கியதைக் கழித்த மீதி. விடை நேர்க்குறியானால் நிலம் கார்பனை இழக்கிறது.

இலைப்பரப்பு: செயற்கைக்கோள் உள்ளே வருவது இங்கேதான். பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சும். அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு கிடைக்கும். அதைக்கொண்டு, ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் எவ்வளவு இலை இருக்கிறது என்று கணிக்கிறார்கள். பருத்திப்புல்லா, குள்ள பிர்ச்சா என்று பிரித்துக் கேட்க வேண்டியதில்லை. இலைப்பரப்பு, வெப்பம், ஒளி மூன்றும் தெரிந்தால், ஒரே அளவுருக்கள் இரு நாட்டுத் திட்டுகளுக்கும் பெரும்பாலும் பொருந்தின. லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் கட்டம் ஒன்றுக்குள் பலவகைச் செடிகள் கலந்துகிடக்கும் நிலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி! பாசிதான் சிக்கல்: இலைக்கணக்கில் சேராமலே குறியீட்டை உயர்த்திவிடும்.

ஒளிச்சேர்க்கை: இலையும் ஒளியும் கூடக் கூட வளரும், ஆனால் மேலிலை கீழிலைக்கு நிழலாவதால் ஒரு கட்டத்தில் மட்டுப்படும்.

ஆழச் சுவாசம்: முறைப்படி முன்னரே வரவேண்டியது; முக்கியம் கருதிக் கடைசியில் வைத்தேன். மேலே எத்தனை இலை இருந்தாலும் மாறாமல், மண்ணின் பழைய கார்பனிலிருந்து எழும் மூச்சு இது. சமன்பாட்டில் ஒற்றை மாறிலி. வட துருவப் பக்கத்து நிலையுறை மண்ணிலோ ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. வளிமண்டலத்தில் உள்ளதைப்போல் சுமார் இரு மடங்கு. அதை எந்தத் தாவரக் குறியீடும் காட்டாது. சமன்பாட்டின் வெப்ப விளைவும் ஆழச் சுவாசத்தைப் பெருக்குவதில்லை; அது காற்றின் வெப்பநிலையிலிருந்து வருவது. ஆழமண்ணோ மெதுவாகவே சூடேறி மெதுவாகவே ஆறும். சூரியன் எழாத குளிர்காலத்தில் குறியீடே கிடையாது. பனிக்கடியில் நுண்ணுயிர்கள் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். உறைமண் இளகும் ஆழம் கூடினால் இந்த மாறிலி மாறிலியாகவே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே, தூந்திரா பசுமையாகிறது என்று காட்டும் வரைபடத்தைக் கண்டதும் அங்கே கார்பன் சேர்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. ஆழச் சுவாசத்தை அறிய நிலத்திலேயே, குளிர்காலத்திலும், அளந்தாக வேண்டும்.