7ஆம் நம்பர் மலை

இலங்கையின் கண்டி மாவட்டத்தில், தெல்தோட்டைக்கு அப்பால் ஹேவாஹெட்டச் சரிவுகளில் இருக்கிறது லூல்கந்துர. தோட்டத் தமிழில் பயிர் நிலத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் மலை என்றே பெயர். அங்குள்ள 7ஆம் நம்பர் மலையில், 1867இல், 19 ஏக்கரில் நட்ட செடிகளிலிருந்துதான் இலங்கைத் தேயிலை வணிகப் பயிராக வேர் பிடித்தது.

அதற்கு முன்பும் தேயிலை தீவுக்கு வந்திருந்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் 1824லேயே சீனச் செடி இருந்தது. 1840களில் புஸ்ஸல்லாவையிலும் நட்டுப் பார்த்தார்கள். ஆனால் காப்பி கொழித்த காலம் அது. தேயிலையைப் பொருட்படுத்துவார் இல்லை. லூல்கந்துரயும் காப்பித் தோட்டம்தான். ஸ்காட்லாந்திலிருந்து ஜேம்ஸ் டெய்லர் 1852இல் அங்கே வேலைக்கு வந்தபோது அவருக்கு 17 வயது நிரம்பவில்லை. பேராதனையிலிருந்து கிடைத்த விதைகளை முதலில் சாலையோரத்தில் ஊன்றினார். பிறகு அசாம் வகை விதையை வரவழைத்து 19 ஏக்கரில் நட்டார்.

கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் வேலை டெய்லரின் பங்களா விறாந்தையில்தான் தொடங்கியது. வாட்டிய கொழுந்தை மேசைமேல் பரப்பிக் கையால் உருட்டினார்கள். கரி அடுப்பில் காய வைத்தார்கள். 1872இல் முழு வசதியுள்ள தொழிற்சாலை எழுந்தது. மறு ஆண்டு 23 ராத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது.

காப்பியின் கேடு இதற்குள் தொடங்கியிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்து காணப்பட்டது. அந்தத் துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் தீவின் காப்பித் தொழிலையே அழித்தது. கடன்பட்ட தோட்டத் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். 1875இல் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை, நூற்றாண்டு முடியுமுன் 3 லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

லூல்கந்துரயின் வரலாற்றை டெய்லர் ஒருவரின் கதையாகச் சொல்வது நெடுநாள் வழக்கம். அது பாதி வரலாறு. காடு வெட்டியதும் கன்று நட்டதும் கொழுந்து எடுத்ததும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டும் கங்காணியின் முன்பணத்தை நம்பிப் புறப்பட்டவர்கள். படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே மாண்டவர் ஏராளம். தப்பி வந்தவர்கள் மலையேறும் வாசலாக மாத்தளை இருந்தது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் மலையக மக்களின் நினைவில் பெரிய இடம் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

காப்பிக்காக வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் சில மாதங்கள் உழைத்துவிட்டு, ஊரில் நடவுக்கும் அறுவடைக்கும் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படி விடுவதில்லை. ஒரு வாரம் பத்து நாளுக்குள் அதே செடியில் மறுபடி கொழுந்து துளிர்த்துவிடும். ஆண்டு முழுவதும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியே ஆகவேண்டும். அதற்குப் பெண்களின் கை தேவைப்பட்டது. ஆகவே குடும்பங்களாக வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்ற சமூகம் உருவானதற்கு இந்தச் செடியின் இயல்பே முதற்காரணம் எனலாம். விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டுக் களத்தில் பேர் பதிவு, பிறகு கூடையோடு மலை. ஆண்களுக்குச் செடி வெட்டும் கவ்வாத்தும், மண் கிளறும் முள்ளு வேலையும். குடியிருப்பு லயம் என்னும் வரிசை வீட்டில்; பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா என்னும் ஓர் அறை; ஒரு குடும்பம் முழுவதும் அதற்குள்தான்.

டெய்லர் 1892இல் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். கனத்த உடல், 24 பேர் மாறி மாறிச் சுமந்து கண்டி மஹையாவ கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் நடந்த தொழிலாளர்கள் அவரைச் சாமித் துரை என்றே சொன்னதாகப் பதிவு உண்டு.

அந்தத் தொழிலாளர்களின் வழிவந்தோர் சுதந்திர இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றது. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. ஒரே லயத்தில் பிறந்தவர்கள் நீலகிரிக்கும் நுவரெலியாவுக்குமாகப் பிரிந்தார்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

லூல்கந்துரயில் டெய்லர் காலத்துச் செடிகள் சில 7ஆம் நம்பர் மலையில் இன்னும் நிற்கின்றன. அவர் குடியிருந்த வீட்டின் எச்சமும், அமர்ந்து மலையைப் பார்த்திருந்த கல்லிருக்கையும் பார்க்கக் கிடைக்கின்றன. கூலியாக வந்தவர்கள் நடந்த வழிக்கு அப்படி ஓர் அடையாளம் நெடுங்காலம் இல்லை. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய தடத்தைத் தேடி மக்கள் நடந்தார்கள்.