விருப்பமும் நன்மையும்: மெய்நிகர் உதவியாளரின் ஆளுமை உருவான வரலாறு

மெய்நிகர் உதவியாளருக்கு, அதாவது மனிதரோடு உரையாடிப் பணிகளை முடித்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு, ஓர் ஆளுமை வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே, பயனர்கள் தாமாகவே அதன்மீது ஆளுமையை ஏற்றிப் பார்த்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி 1966இல் வெளியிட்ட எலிசா என்னும் நிரல், தட்டச்சு செய்யப்பட்ட வாக்கியத்தில் சில சொற்களைத் தேடி, அவற்றுக்கென எழுதிவைத்த விதிகளின்படி மறுமொழி தந்தது. ஒருவர் தம் தாயைக் குறிப்பிட்டால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுமாறு உளநல மருத்துவரைப் போலக் கேட்டது. அந்நிரல் உருவானதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் உரையாடியபின் அவரை அறையிலிருந்து வெளியே போகச் சொன்னார் என்று 1976இல் வெளிவந்த தம் நூலில் வைசன்பாம் எழுதுகிறார். இந்த ஈர்ப்பு அவரைக் கவலைகொள்ளச் செய்தது.

1990களில் இதே ஈர்ப்பு வடிவமைப்பின் மூலப்பொருளாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளிஃபோர்டு நாஸ், பைரன் ரீவ்ஸ் ஆகியோரின் ஆய்வுகளில், ஒரு கணினியின் செயல்பாட்டைப் பற்றி அந்தக் கணினியே கேட்டபோது மக்கள் வேறிடத்தில் சொன்னதைவிடக் கனிவாக மதிப்பிட்டனர்; ஆனால் தாம் கணினியிடம் மரியாதை காட்டியதாக அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வாய்வுகளின் செல்வாக்கோடு உருவான மைக்ரோசாஃப்ட் பாப் என்னும் மென்பொருள் 1995இல் வெளிவந்து விரைவிலேயே கைவிடப்பட்டது. அடுத்து அதே நிறுவனத்தின் ஆஃபிஸ் 97 மென்பொருளில் தோன்றிய காகிதக் கவ்வி உருவமோ, கடிதத்தின் விளிச்சொல்லைத் தட்டச்சு செய்தவுடன் எழுந்து நின்று, கடிதம் எழுத உதவி வேண்டுமா என்று கேட்டது. நூறாவது கடிதத்திலும் முதல் நாள்போலவே கேட்டது. அந்நிறுவனத்தில் எரிக் ஹோர்விட்ஸின் ஆய்வுக்குழு, பயனரின் தேவையை நிகழ்தகவின் வழியே ஊகிக்கும் லூமியர் என்னும் முறையை வகுத்திருந்தும், விற்பனைக்கு வந்த வடிவம் எளிய விதிகளையே பெரிதும் சார்ந்திருந்தது. ஆகவே எரிச்சலுக்குக் காரணம் அதன் முகமன்று, எதிரே இருப்பவரை நினைவில் கொள்ளாத அதன் நடத்தையே என்று கொள்வது பொருந்தும். ஆஃபிஸ் 2007இல் அது முற்றாக நீக்கப்பட்டது.

குரல்வழி இயங்கும் உதவியாளர்களாக 2011இல் சிரியும் 2014இல் கோர்ட்டானாவும் அலெக்ஸாவும் வந்தபோது, எந்தக் கேள்விக்கு எவ்வளவு நகைச்சுவை, எவ்வளவு பணிவு என்பதை எழுத்தாளர்கள் வரையறுத்தனர். அப்பணிவு பெரும்பாலும் பெண் குரலிலேயே ஒலித்ததையும், பாலியல் வசைகளுக்குக்கூட அது நாணத்தோடு விடையளித்ததையும் 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ அறிக்கை கண்டித்தது மிகச் சரியானதே.

பெருந்திரளான எழுத்துகளிலிருந்து கற்று விடையளிக்கும் பெரும் மொழி மாதிரிகள் வந்தபின் ஏற்பட்ட மாற்றம் இவை எல்லாவற்றிலும் ஆழமானது. விடைகளை மனிதர்கள் தரவரிசைப்படுத்த, அவ்விருப்பத்திற்கேற்ப மாதிரியைத் திருத்தும் பயிற்சிமுறையில், மதிப்பிடுவோரின் உணர்வு வடிவமைப்பாளரின் கையைக் கடந்து நேரடியாக ஆளுமையைச் செதுக்குகிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு வெளியிட்ட புதுப்பிப்பு பயனர் எதைச் சொன்னாலும் மிகையாகப் புகழ்ந்ததால் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது; உடனடிப் பின்னூட்டத்திற்கு அளவுமீறி இடம் கொடுத்ததாக அந்நிறுவனம் விளக்கியது. விருப்பத்தை அளக்கும் கருவியால் நன்மையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வரலாற்றில் இல்லை. ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்து பழைய ஜிபிடி-4ஓ மறைந்தபோது, நெருங்கிய ஒருவரை இழந்ததுபோல் பலர் வருந்திக் கேட்டதால், கட்டணம் செலுத்துவோருக்கு அது சில நாட்களிலேயே மீண்டும் வழங்கப்பட்டது.