கொலுப்படி காத்த விளையாட்டுச் செல்வம்

ஐதராபாத்தில் மூசி ஆற்றங்கரையிலுள்ள சாலார் ஜங் காட்சிச்சாலைக்குச் சென்றவர், அங்குள்ள பாட்டுக் கடிகாரத்தைக் காணாது திரும்புவதில்லை. மணி அடிக்கும் வேளை நெருங்கியதும் அதன் முன் கூட்டம் சேர்ந்துவிடும். கடிகாரத்தினுள் சிறு கொல்லன் ஒருவன் நொடிதோறும் சம்மட்டியை ஓங்கி அடித்துக்கொண்டிருப்பான். நேரம் வந்ததும் மற்றொரு சிற்றுரு வெளிப்போந்து, மணி எத்தனையோ அத்தனை முறை சேகண்டியைத் தட்டிவிட்டு உள்ளே மறைந்துவிடும். நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் கூட்டம் மிகுதி. தலை நரைத்த பெரியோரும் அப்போது கண்ணிமையாது நிற்பர்.

இக்காட்சிச்சாலைப் பொருள்களைத் திரட்டிய மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான் (1889–1949), மணம் புரியாதவர். எனினும் அவர் சேர்த்த செல்வத்தில் ஈயச் சிப்பாய்களின் அணிவகுப்பும் பொம்மை ரயிலும் மேனாட்டுப் பாவைகளும் இருந்தன. 1951 டிசம்பர் 16ஆம் நாள் நேரு அவர்கள் திவான் தேவடி மாளிகையில் இக்காட்சிச்சாலையைத் திறந்துவைத்தார். 1968இல் அது இன்றுள்ள கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. அந்த ஈயச் சிப்பாய்களில் ஒருவனையேனும் கையில் எடுத்துப் பார்க்கமாட்டோமா என்று கண்ணாடிப் பேழையில் மூக்கை ஒற்றிக்கொண்டு நின்ற செகந்திராபாத் தமிழ்ச் சிறுவர்களுள் நாமும் இருந்தோம்.

அரசகுடும்பத்தார்க்கு நெருங்கிய ஒருவரின் விளையாட்டுப் பொருள்களுக்கு மாளிகை கிடைத்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடிய பொருள்களை எவர் காத்தார்? மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் ஆனவை அவை, உடைவதற்கென்றே பிறந்தவை. ஆயினும் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிழைத்த வகையைத்தான் ஈண்டுச் சொல்ல விரும்புகிறோம்.

தமிழர் இவ்வூருக்கு வந்த வரலாறு நேயர்கள் அறிந்ததே. 1798இல் நிஜாம் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இங்குப் படைகள் தங்கின. அப்பாளையம் 1806இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. சென்னைப் படையோடும், பின்னர் 1874இல் வாடியிலிருந்து வந்த இருப்புப்பாதையோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வந்தவர் தகரப் பெட்டியில் வேட்டி சேலையோடு கொண்டுவந்தது பெரும்பாலும் வெண்கலப் பானையும் ஒரு சோடி மரப்பாச்சியுமே.

மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாக இருக்கும். கை கால்கள் உடலோடு ஒட்டியிருக்கும். முகமோ இரண்டு மூன்று வெட்டுக்களில் முடிந்துவிடும். புகுந்த வீட்டுக்குச் செல்லும் பெண்ணுக்குத் தாய் கொடுத்தனுப்பும் சீர்களுள் அதுவும் ஒன்று. அதற்குத் துணி சுற்றுவதும் மணி கோத்துப் பூட்டுவதும் பெண் குழந்தைகள் முதன்முதல் கற்கும் கைவேலை. வாயில் வைத்துக் கடித்தாலும் தீங்கில்லை என்பது பாட்டிமார் துணிபு. குழந்தைக்குச் சூடு கண்டால் அதையே கல்லில் உரைத்துப் பூசுவர். திருப்பதிக்குப் போனவர்களெல்லாம் வாங்கிவந்த அப்பொம்மை செம்மரத்தாற் செய்தது. அம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராது. கடப்பை, சித்தூர்ப் பக்கத்து மலைகளே அதற்குத் தாயகம். தமிழ் வீட்டுப் பழம்பொருள் என்று நாம் கருதிய ஒன்று தெலுங்கு மலையில் முளைத்தது என்பதை நாம் வளர்ந்த பிறகே அறிந்தோம்.

செப்புச் சாமான்களின் கதையும் இத்தகையதே. அடுப்பு, பானை, திருகை, அம்மி, குழவி என்று விரல் உயரத்தில் ஒரு குடித்தனமே ஓலைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அவை பளபளக்கும். அப்பளபளப்பு தூரிகை தந்ததன்று. மரத்தைக் கடைசல் பட்டையிற் சுழலவிட்டு, நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்திற் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்தால் முகம் பார்க்கலாம். மைசூரையடுத்த சென்னப்பட்டணத்துத் தச்சரும், விசாகப்பட்டினத்தையடுத்த ஏட்டிக்கொப்பாக்கத்துத் தச்சரும் செய்யும் முறை இதுவே. இருவரும் கையாள்வதும் ஒரே மரந்தான்: கன்னடத்தில் ஆலெ, தெலுங்கில் அங்குடு, தமிழில் வெட்பாலை. மொழிதோறும் பெயர் மாறினும் அரக்கின் மணம் மாறவில்லை. புதுச் செப்பை முகர்ந்து பார்க்காத குழந்தை உண்டோ?

இனி, இங்கு வந்தபின் நம் பெட்டியிற் சேர்ந்தவை. ஐதராபாத்துக்கு வடக்கே ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தொலைவில் நிர்மல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் நகாஷ் கைவினைஞர் செய்யும் மரக்கனிகளைக் கண்டு ஏமாறாதவர் இல்லை. எலுமிச்சையும் மாம்பழமும் கத்தரிக்காயும் இப்போதுதான் சந்தையில் வாங்கியவை போல இருக்கும். பொணிகி என்னும் இலேசான மரத்தைச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த கலவையால் துண்டுகளைப் பொருத்தி, அதன்மேல் வண்ணம் தீட்டுவர். விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியிலும் இதே மரம், இதே பசை. அங்கு அம்பாரி யானையும் தசாவதாரமும் பனையேறியும் மாட்டுவண்டியும் பிறக்கும். நிர்மல் பழத்தை நாம் ஒருமுறை கடித்துப் பார்த்ததுண்டு. பல்லின் வடு அதில் இன்றும் இருக்கிறது.

நவராத்திரியில் நம் வீட்டில் கொலு. சங்கராந்தி வந்தால் எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் இல்லத்தில் ‘பொம்மல கொலுவு’. போகியன்று குழந்தைகள் தலையில் இலந்தைப்பழம் சொரிவர். பழத்தைப் பொறுக்கும் சாக்கில் நாம் அவர்கள் பொம்மைகளை எண்ணிவிடுவோம். ஆண்டிற்கு இருமுறை கொலுக் காணும் பேறு தாய்நாட்டிலிருந்த நம் உறவினர்க்கு வாய்க்கவில்லை. சொல்லைப் பார்த்தாலும் உறவு புலனாகும். பழந்தமிழ் நூல்களில் வழங்கும் சொல் ‘பாவை’. ‘பொம்மை’ என்பதோ தெலுங்குப் ‘பொம்ம’வோடு உடன்பிறந்தது. பம்பரம் அங்கே ‘பொங்கரம்’. பல்லாங்குழியை மட்டும் ‘வாமன குண்டலு’ என்று வேறு பெயரிட்டு ஆடினர். குழியும் முத்தும் ஒன்றே.

விளையாட்டுப் பொருள் பழைமை வாய்ந்தது. அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் சுடுமண் வண்டிகள் கிடைத்துள்ளன. உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் உலரவைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியை எறிய, கையில் அகப்பட்ட பொற்குழையையே கழற்றி வீசுகின்றனர். அக்குழை, குதிரையின்றிப் பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று காற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. நம் வீட்டு நடைவண்டிக்கும் மூன்றே உருளைகள் அன்றோ? வடமொழியில் ‘மிருச்சகடிகம்’ என்னும் நாடகம் பெயர் பெற்றதும் ஒரு மண்வண்டியாலேயே. அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டிக்கு ஏங்கி, தனக்குக் கிடைத்த மண்வண்டியைப் பார்த்து அழும் சிறுவனைத் தேற்ற, வசந்தசேனை தன் அணிகலன்களை அவ்வண்டியில் நிறைக்கிறாள். கண்ணாடிப் பேழையின் முன் நாம் நின்ற நிலையை அந்நாடகக்காரர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

நம் நகரத்தில் அந்த ஏக்கத்தை ஆண்டுதோறும் கிளறிவிட்டது நுமாயிஷ் என்னும் பொருட்காட்சி. 1938இல் பொதுப் பூங்காவில் தொடங்கி, 1946இல் நாம்பள்ளித் திடலுக்கு மாறிய அது, ஜனவரி முதல் நாள் கதவு திறக்கும். சாவி கொடுத்தால் தத்தும் தகரத் தவளை, மெழுகுவத்திச் சூட்டில் தடதடவென்று நீரில் ஓடும் தகரப் படகு, காற்றில் மிதக்கும் பலூன். வாங்கிய படகை அண்டா நீரில் ஓடவிட்டு வீட்டையே புகையாக்கினோம். ஒரு மாதத்தில் துரு ஏறிற்று. மறுமாதம் குப்பைக்குப் போயிற்று. அத்தகரச் சாமான்களில் ஒன்றும் இன்று நம்மிடம் இல்லை.

மரப்பாச்சி இருக்கிறது. செப்பும் நிர்மல் பழமும் இருக்கின்றன. அவை தகரத்தினும் உறுதியானவை என்பது மட்டுமே காரணமன்று. ஆண்டிற்கு ஒருமுறை அவை படியேறின. ஒன்பது நாள் ஒருவரும் தொடாமல் வழிபடப்பட்டன. பின்னர்ப் பழஞ்செய்தித்தாளிற் சுற்றிப் பெட்டியில் அடைக்கப்பட்டன. காற்று உடைந்த களிமண் செட்டியாரும், தலை ஒட்டவைத்த தஞ்சாவூர்த் தலையாட்டியும் கடைசிப் படியின் ஓரத்தில் இடம் பெற்றனர்; உடைந்ததென்று எதையும் எறிந்துவிட நம் அன்னையர்க்கு மனம் வரவில்லை. அரசு கட்டாத காட்சிச்சாலையை அவர்கள் ஒரு பெட்டிக்குள் நடத்தினர். வேலை மாறி ஊர் மாறியபோதெல்லாம் அது ரயிலேறி உடன் வந்தது.

இப்போது புதிதாகச் சேர்ப்பது கடினமாகிவிட்டது. செம்மரம் 1995 முதல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டில் உள்ளது. கடைகளில் விற்கும் மரப்பாச்சிகளுட் பல வேறு மரத்திற்குச் சாயமேற்றியவை. பொணிகி மரமும் காடுகளில் அருகிவருகிறது. கைவினைஞர் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. புவிசார் குறியீடு நிர்மலுக்கும் கொண்டபள்ளிக்கும் சென்னப்பட்டணத்திற்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிக்கும் கிடைத்துவிட்டது. குறியீட்டால் மரம் முளைக்குமா என்பது வேறு கேள்வி.

விசயதசமி இரவில் கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்கவைப்பது நம் வழக்கம். நம் இல்லத்தில் அது எப்போதும் மரப்பாச்சிதான். மறுநாட் காலை, பெட்டியைக் கட்டுமுன், வீட்டுக் குழந்தைகள் ஒரு நாழிகை செப்புச் சாமானில் சோறாக்கி விளையாட அன்னை இசைவு தருவார். இன்று அவ்விசைவைக் கொடுப்பது நாம். பேத்தி தெலுங்கிலே சமைத்து, தமிழிலே பரிமாறுகிறாள். நிர்மல் பழத்திலுள்ள பல்லின் வடுவைக் காட்டி, யார் கடித்தது என்று கேட்கிறாள்.