எமது நூலகத்துக்கு ஓர் அச்சுக்கலை அலுமாரி

யாழ்ப்பாணத்து அச்சின் கதை ஒரு மறுப்புடன் தொடங்குகிறது. அமெரிக்க மிஷனுக்காக ஜேம்ஸ் கறெற் என்ற அச்சாளர் 1820 இல் இங்கு வந்தார். அவர் தங்குவதற்கு ஆங்கில அரசு அனுமதி தரவில்லை. அவர் பம்பாய்க்குப் போக, அச்சுப்பொறி நல்லூரில் இருந்த சேர்ச் மிஷனிடம் சேர்ந்தது. 1834 இல் ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளர் வந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841 இல் ‘உதயதாரகை’யும் 1842 இல் மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் தமது அச்சகத்தை நிறுவினார். இரு தரப்பாரும் போட்டிபோட்டு அச்சிட்டார்கள். நன்மை வாசகர்களுக்கே கிடைத்தது.

மருத்துவத் துறைக்குச் சென்ற பழைய மாணவியர் நாம் பாடநூல்களை ஆங்கிலத்திலேயே படித்தோம். ஆனால் 1847 இல் இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவரும் உருவாக்கிய ‘இரணவைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் அச்சாகின. முன்னது சத்திரசிகிச்சை நூல். பின்னது உடற்கூற்று நூல். ஓர் எலும்புக்கோ நரம்புக்கோ தமிழ்ச் சொல் கண்டுபிடிப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை. அந்தச் சொல்லை ஈய எழுத்துகளாக ஒவ்வொன்றாய் எடுத்து, இடவலம் மாற்றிக் கோத்து, ஒப்புநோக்கிப் பிழை திருத்தியவர்கள் அச்சுக்கூடத்தார். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் தாளில் இருக்கிறது.

அதனால்தான் பழைய நூலின் வாசகத்தைக் கணினியில் தட்டெழுதி வைத்தால் போதும் என்று நாம் கருதவில்லை. பழைய அச்சில் ‘னை’, ‘லை’ முதலியன தும்பிக்கை போன்ற வளைவுடன் ஒரே எழுத்தாக வரும். ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. தட்டெழுதும்போது இவை மறைந்துவிடும். முகப்புத் தாளில் உள்ள அச்சகப் பெயரும் ஒரு சான்றே. சைமன் காசிச்செட்டியின் ‘தமிழ் புளூட்டாக்’ நூலை 1859 இல் அச்சிட்டவர்கள் யாழ்ப்பாணத்து ‘ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங்’ என்பதை அந்த முகப்புத் தாளே சொல்கிறது.

தாளும் பேசும். நாம் படித்த 1990களில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வரவில்லை. பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாளில் வெளிவந்தன. மின்சாரம் இல்லை, சிறு விளக்கின் ஒளியில் அவற்றைப் படித்தோம். அப்பத்திரிகையின் செய்தியை இன்று வேறெங்கும் படிக்கலாம். அந்தக் கோடுகளை மூலப் பிரதியிலோ அதன் படத்திலோதான் காணமுடியும். எந்த நிலையிலும் அச்சை நிறுத்தாத ஒரு சமூகத்தின் சான்று அது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு நூல்கள் போயின. எஞ்சியவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பகுதி கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் நம் பெற்றோரின் பெட்டிகளுக்குள் இருக்கக்கூடும்.

எனவே நூற்றாண்டு நிறைவில் எமது கல்லூரி நூலகத்தில் அச்சுக்கலைக்கென ஓர் அலுமாரி அமைக்கக் கேட்கிறோம். பாட்டியின் பாலபாடம், றோணியோவில் எடுத்த கல்லூரி மலர், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல், கொப்பித் தாள் பத்திரிகை யாவும் அதில் இடம்பெறலாம். கிழிந்த தாளில் செலோரேப் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளை மஞ்சளாக்கிக் கெடுக்கும். வெயிலிலும் ஈரத்திலும் வைக்காதீர்கள். நூல் யாருடையது, எப்படி வந்தது என்பதை வேறொரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பிரிய மனமில்லாதவர்கள் முகப்புத் தாள் முதல் பின்னட்டை வரை படமெடுத்து அனுப்பினாலும் போதும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. அங்கும் ஒரு படி சேரட்டும்.

ஒரே இடத்தில் வைத்ததை ஒரே இரவில் இழந்தவர்கள் நாம். இனி ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடமாவது இருக்கட்டும்.